மடிப்பக்காவும் முப்பத்து நான்கு விரிப்புகளும்

அந்த விடுதியில் அவளுக்குப் பெயர் மடிப்பக்கா. சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. அது மாதம் ஒருமுறை வெளியே வந்து காற்று வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். மற்ற நாளெல்லாம் மானேஜரிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் மடிப்பக்காதான். கட்டில் விரிப்பின் நாலு மூலையையும் மடித்து அவள் மெத்தைக்கு அடியில் செருகினால், அதைப் பிரித்து உள்ளே நுழைய ஒரு ஆளின் பலம் போதாது. தபால் உறைக்குள் போட்ட கடிதம் மாதிரி படுத்திருந்தேன் என்று ஒரு விருந்தினர் புகார்ப் புத்தகத்தில் எழுதிவைத்துப் போனார். அவள் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

நான்காவது மாடி முழுக்க அவள் பொறுப்பு. மொத்தம் பதினேழு அறைகள். பதினோரு வருடமாக அந்தத் தாழ்வாரத்தில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்வந்து, எந்த அறையின் கதவு முனகும், எந்த அறையின் குழாய் முதலில் இருமிவிட்டுத் தண்ணீர் விடும் என்பதெல்லாம் அத்துப்படி. வேலைக்கென்று அவளிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. முதலாவது, கதவைத் தட்டுவது. மூன்று தட்டு, "ரூம் கிளீனிங்ங்க" என்று ஒரு குரல், பிறகு மனசுக்குள் பத்து எண்ணுவது, அதன் பிறகுதான் சாவி அட்டை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் தட்டாமல் ஒரு கதவைத் திறந்து, பார்க்கக் கூடாத பெரிய மனிதர் ஒருவரைப் பார்க்கக் கூடாத கோலத்தில் பார்த்துத் தொலைத்தாள். அன்றிலிருந்து இந்த நியமம்.

இரண்டாவது, கிளம்பும்போது வாசலில் நின்று அறையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது. குப்பைக்கூடையில் ஒரு காகிதம் தங்கியிருந்தால் அந்தப் பார்வையில் மாட்டும். திரைச்சீலை கோணலாக இருந்தால் மாட்டும். கட்டில் கலைந்திருந்தால் கட்டாயம் மாட்டும். சரியாக விரித்த கட்டில் மட்டும் மாட்டாது. சரியாக இருப்பதைப் பார்த்து ரசித்துக்கொண்டு நிற்க அவளுக்கு எங்கே நேரம்? இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை கடைசியில் இதில் போய்த்தான் முட்டிக்கொள்ளப் போகிறது.

நோய் வந்த வாரம், விடுதி மேலிருந்து கீழாகக் காலியானது. முதலில் நான்காவது மாடி. வந்தவர்கள் எல்லாரும் கிடைத்த வண்டியைப் பிடித்து ஊரைப் பார்க்க ஓடினார்கள். யாரோ பல் விளக்கும் பிரஷ்ஷை விட்டுவிட்டுப் போனார், யாரோ ஒற்றைச் செருப்பை. மடிப்பக்கா எல்லாவற்றையும் எடுத்துப் பையில் போட்டுச் சீட்டு எழுதி வைத்தாள். அழுக்குத் துணியை எடுத்தாள், புதுத் துணி விரித்தாள், நாலு மூலையும் செருகினாள், அடுத்து வருகிறவருக்காகப் பதினேழு அறையையும் தயார் செய்தாள். அடுத்து வருகிறவர் யாரும் இல்லை என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று மானேஜர் எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார். தொண்ணூறு பேர், ஆளுக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு நாற்காலி எட்டடி தூரம். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன, அந்தக் கண்களில் ஒன்றிலாவது உயிர் இருக்கவேண்டுமே. மானேஜர் கெட்டவர் இல்லை. கெட்ட சேதி சொல்லத் தெரியாதவர், அவ்வளவுதான். மூன்று முறை தொண்டையைச் செருமிவிட்டு, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஒன்பது பேர் மட்டும் இருப்பார்கள், மற்றவர்கள் கூப்பிடும்வரை வீட்டில் இருக்கவேண்டும், கூப்பிடும்வரை சம்பளம் கிடையாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ஒன்பது பெயரை வாசித்தார். ஏழாவதாக, சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கும் அந்தப் பெயர் வந்தது.

பதினோரு வருட உழைப்புக்கு மரியாதை என்று அவள் நெஞ்சு நிமிர்ந்தது. அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

"பஸ் ஓடாது. அதனால நடந்து வர்ற தூரத்துல இருக்கறவங்களை மட்டும்தான் எடுத்திருக்கேன்" என்றார் மானேஜர்.

மடிப்பக்காவின் மூலை மடிப்பு இல்லை, அவளுடைய வீட்டு விலாசம்தான் வேலையைக் காப்பாற்றியது. பக்கத்து நாற்காலியில் இருந்த மூன்றாம் மாடிக்காரிக்கு வீடு மூன்று பஸ் தாண்டி. இருவரும் எட்டு வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். மூன்றாம் மாடிக்காரி எழுந்து நின்று, "நீயாவது இருக்கியே, அது போதும்" என்றாள். அப்படிச் சொன்னவளைக் கட்டிப் பிடித்து ஆறுதல் சொல்லவும் முடியாத காலம் அது. எட்டடி தூரத்தில் நின்று இருவரும் அழுதார்கள்.

அதன் பிறகு மானேஜர் ஒரு உத்தரவு போட்டார். எல்லா மாடித் துணியையும் கீழே ஸ்டோரில் சேர்த்துவிட வேண்டும், மெத்தைகளுக்குப் பிளாஸ்டிக் போட்டு மூட வேண்டும். மடிப்பக்கா சொன்னதைச் செய்தாள். போய்விட்டவளின் மூன்றாவது மாடியிலும் அவளே கட்டில்களை உரித்தாள், பிளாஸ்டிக் சுருளை வெட்டி வெட்டி மெத்தைகளை மூடினாள். மூன்றாவது மாடியோடு சுருள் தீர்ந்துபோனது. கடைகள் மூடியாயிற்று, வேறு வாங்க வழியில்லை. நான்காவது மாடிக்குப் போய் அலமாரியில் மடித்து அடுக்கியிருந்ததை வழித்து எடுத்து, வண்டியில் கிடந்த அழுக்கையும் சேர்த்துக் கட்டிக் கீழே இறக்கினாள். எண்ண நேரமில்லாமல் மூட்டையாகவே வாங்கி அடுக்கிய ஸ்டோர் அண்ணன், "உன் மாடி முடிஞ்சுதா?" என்று கேட்டார். "ஒண்ணு பாக்கியில்லண்ணே" என்றாள். அவளுக்கு அதில் துளிகூடச் சந்தேகம் இல்லை.

அடுத்த நாளிலிருந்து அவளுக்கு வேலை, குழாய் திறப்பது. ஆள் புழங்காத கட்டடத்தில் தண்ணீர் குழாய்க்குள்ளேயே நின்றால் கெட்டுப்போகும், சாக்கடை வாய் காய்ந்தால் நாற்றம் மேலே ஏறும் என்று குழாய் மிஸ்திரி பயமுறுத்தியிருந்தார். ஆகவே வாரம் இரண்டு முறை ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு குழாயையும் ஐந்து நிமிடம் திறந்துவிட வேண்டும். கீழ் இரண்டு மாடிக்கு ஒரு தம்பி, மேல் இரண்டு மாடிக்கு மடிப்பக்கா. லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள். ஏறி இறங்கி அவள் முழங்கால் தினமும் சாயங்காலம் கெட்ட வார்த்தையில் பேசியது.

காலி அறை என்று தெரியும். இருந்தும் தட்டினாள். மூன்று தட்டு, ஒரு குரல், பத்து எண்ணிக்கை. ஒருநாள் வாசல் காவலர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்கு வந்தவர் இதைப் பார்த்துவிட்டார். அவர் விட்டுவிடுவாரா?

"ஏம்மா மடிப்பு, உள்ள யாராவது இருக்காங்களா?"

"இல்லண்ணே."

"பின்ன யாரைக் கூப்பிடற? பதில் வந்தா சொல்லு, நான் முதல் ஆளா ஓடணும்."

அன்றிலிருந்து அவள் தினமும் வேலை முடித்து வாசலைத் தாண்டும்போது, "உள்ள யாராவது இருந்தாங்களா?" என்று கேட்பது அவருக்கு வாடிக்கையானது. "இல்லண்ணே" என்று இவள் சொல்வதும் வாடிக்கை. ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டு சொன்னாள். நாள் போகப் போக அந்த "இல்லண்ணே" சிரிப்பில்லாமல் வந்தது. அறைக்கு ஆள் இல்லையென்றால் மடிப்பக்காவுக்கு வேலை இல்லை. எத்தனை நாள்தான் ஒரு முதலாளி குழாய் திறக்கச் சம்பளம் கொடுப்பார்?

மூன்றாவது மாடி அவளுக்கு ஆகவே ஆகாது. உரித்துப் பிளாஸ்டிக் சுற்றிய மெத்தைகளின் பக்கமே பார்க்கமாட்டாள். வேகவேகமாகக் குழாயைத் திறந்து மூடிவிட்டு நான்காவது மாடிக்கு ஏறிவிடுவாள். அங்கே போனதும் நெஞ்சு லேசாகும், கை கால் தன்னால் நிதானப்படும். "என்ன இருந்தாலும் நம்ம மாடி நம்ம மாடிதான்" என்று பெருமையாக நினைத்துக்கொள்வாள். ஏன் அப்படி என்று ஒருநாளாவது நின்று யோசித்திருந்தால் பின்னால் அவ்வளவு அவஸ்தைப்பட்டிருக்க வேண்டாம்.

வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பள்ளிக்கூடம் மூடியதும் அவர் வண்டியும் தெருவோரம் நின்றுபோனது. பேட்டரி செத்துவிடக் கூடாது என்று தினமும் காலை சரியாக ஏழரை மணிக்குப் போய் வேனில் ஏறி உட்கார்ந்து, இஞ்சினைப் போட்டு, பத்து நிமிடம் உறுமவிட்டு அணைத்துவிட்டு வருவார். ஒருநாள் பழக்க தோஷத்தில் ஹாரனும் அடித்தார். பிறகு சமையல் தன் பொறுப்பு என்று அறிவித்தார். அந்த ஏழு வாரத்தில் அந்த வீட்டுப் பாத்திரங்கள் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். பத்தாவது படிக்கும் மகளுக்குப் பாடமெல்லாம் போனில். வீட்டில் நல்ல போன் ஒன்றுதான், அது மடிப்பக்காவுடையது. மூன்றாம் மாடிக்காரி தினமும் அதில் கூப்பிட்டு, "ஏதாவது சேதி உண்டா?" என்று கேட்பாள். பாதி நாள் அது கணக்கு வகுப்பின் நடுவே ஒலித்து, முப்பத்தைந்து பிள்ளைகளுக்கும் கேட்கும்.

ஆக, மூன்று வயிற்றுக்கும் வருகிற ஒரே சம்பளம் மடிப்பக்காவுடையது. வீட்டுக்காரர் அதைப் பற்றிப் பேசமாட்டார். ஆனால் அவள் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை எடுத்து வாசலில் நேராக வைப்பார். பத்தொன்பது வருட வாழ்க்கையில் அவர் செய்யாத காரியம் அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வரும்.

ஏழாவது வாரம் மானேஜர் ஒன்பது பேரையும் கூப்பிட்டார். இந்த முறை அவர் தொண்டையைச் செருமவில்லை. அதிலேயே நல்ல சேதி என்று தெரிந்தது.

"பெரிய ஆஸ்பத்திரிலேர்ந்து கேட்டிருக்காங்க. அங்க வேலை பார்க்கற நர்சுங்க வீட்டுக்குப் போனா வீட்ல இருக்கறவங்களுக்கு நோய் ஒட்டிக்கும்னு பயப்படறாங்களாம். தங்க நாப்பது ரூம் வேணுமாம். குறைஞ்சது ஆறு மாசத்துக்கு. இது அமைஞ்சா நாம ஒன்பது பேரும் இருக்கலாம், இன்னும் ஒரு பதினஞ்சு பேரைத் திருப்பிக் கூப்பிடலாம். அமையலைன்னா..." என்று நிறுத்தினார். "அமையலைன்னா இந்த மாசக் கடைசியோட கதவைப் பூட்டிடறதுன்னு முதலாளி முடிவு பண்ணிட்டார். வாட்ச்மேன் மட்டும் இருப்பார்."

முதலில் இருக்கிற துணியை எண்ணச் சொன்னார். எத்தனை அறைக்கு எத்தனை மாற்று இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டுமாம். ஸ்டோர் அண்ணன் பெரிய நோட்டைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். எண்ணிக்கையில் அந்த மனிதரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முகம் துடைக்கும் துணியில் ஒன்று குறைந்தாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. காலையில் ஆரம்பித்து மதியம் ஒருமுறை முடித்தார். மறுபடி எண்ணினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

கட்டில் விரிப்பில் முப்பத்து நான்கு குறைந்தது. தலையணை உறையில் அறுபத்தெட்டு.

முதலாளி போனில் கத்தியது தாழ்வாரம் வரை கேட்டது. கஷ்ட காலத்தில் சோறு போட்டு வைத்துக்கொண்டால் துணியைத் திருடி விற்கிறீர்களா என்று கேட்டார். துணி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம், திருடர்களை வைத்துக்கொண்டு நர்சுகளைக் குடிவைக்க முடியாது என்றார். நாளை மதியத்துக்குள் துணி வந்தாக வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு முடியாது என்று சொல்லிவிட்டுப் பூட்டைப் போடுங்கள் என்று வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் வாசலில் ஒன்பது பேர் பையையும் சோதித்தார்கள். மடிப்பக்காவின் பையில் ஒரு காலி டப்பா, ஒரு குடை, ஒரு முகமூடி. வாசல் காவலர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கையை விட்டுப் பார்த்தார். அன்று அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள் முகத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர் அடுப்பை அணைத்துவிட்டார். நடந்ததைச் சொன்னாள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்த மகள், "அம்மா, ஒரு கட்டிலுக்கு எத்தனை விரிப்பு?" என்றாள்.

"கீழ ஒண்ணு, மேல ஒண்ணு."

"தலையணை உறை?"

"நாலு."

"அப்ப ரெண்டு கணக்கும் பதினேழுல வந்து நிக்குது. உன் மாடியில எத்தனை ரூம்மா?"

மடிப்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதினேழு அறை உள்ள மாடிகள் நான்கு உண்டு, ஆனால் மற்ற மூன்று மாடித் துணியும் எல்லோர் கண் முன்னாலும் இறங்கியது. தன் மாடியைத் தனியாகத் துடைத்து எடுத்தவள் அவள் ஒருத்திதான். "ஒண்ணு பாக்கியில்லண்ணே" என்று சொன்னதும் அவள்தான். ஸ்டோர் அண்ணன் ராத்திரிக்குள் இந்த வகுத்தலைப் போட்டுவிடுவார். ஒருவேளை தானே மறதியில் மூட்டையை வேறெங்காவது வைத்துவிட்டோமா? அலமாரி மேலே? படிக்கட்டுக்குக் கீழே? எழுந்து போய்த் தன் வீட்டுப் பீரோவையே திறந்து பார்த்தாள். பயம் வந்தால் மனிதர்கள் செய்கிற கூத்துக்கு அளவில்லை.

"காலைல போய் நானே மானேஜர்கிட்ட சொல்லிடறேன். கணக்கு என் மாடியில நிக்குதுன்னு" என்றாள்.

"சும்மா இரு. நீயா வாயக் குடுத்து மாட்டிக்காத. அவங்களா கண்டுபிடிச்சா பாத்துக்கலாம்."

"அவங்களா கண்டுபிடிச்சா நான் திருடிங்க. நானா சொன்னா துணியத் தொலைச்சவ. எது நல்லது?"

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் ஏழரைக்கு வேனைக் கிளப்பப் போகவில்லை. அவள் செருப்பை நேராக வைத்துவிட்டு, விடுதித் தெரு முனைவரை கூடவே நடந்து வந்து அங்கேயே நின்றுகொண்டார்.

மானேஜர் அறையில் நுழைந்ததும் அவள் சுற்றி வளைக்கவில்லை. மகள் போட்ட கணக்கை ஒப்பித்தாள். "என் மாடித் துணிதான் சார் காணோம். நான் எடுக்கல. ஆனா எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல. பூட்டறதுக்குப் பதிலா என்னை மட்டும் அனுப்பிடுங்க. மத்த எட்டு பேரை விட்டுடுங்க சார், அவங்க பாவம்."

மானேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வாங்க, மேல போய்ப் பார்க்கலாம்" என்றார். தொந்தி பருத்த மனிதர். லிஃப்ட் நின்ற நாளிலிருந்து முதல் மாடிக்கு மேல் அவர் காலெடுத்து வைத்ததில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு நான்காவது மாடிக்கு வந்துசேர்ந்தார். அலமாரியைத் திறந்தார்கள், காலி. தள்ளுவண்டி, காலி. படிக்கட்டு மறைவில் ஒரு விளக்குமாறு மட்டும் இருந்தது. மானேஜருக்கு உட்கார்ந்தே ஆக வேண்டிய நிலைமை.

"முதல் ரூமைத் திறங்க. ஒரு நிமிஷம் நாற்காலில உக்காந்துக்கறேன்."

அவள் கதவைத் தட்டினாள். மூன்று தட்டு. "ரூம் கிளீனிங்ங்க." பத்து எண்ணினாள். அந்த அவசரத்திலும் எண்ணினாள். மானேஜர் பொறுமையாக நின்றார். கதவைத் திறந்து, திரைச்சீலையை விலக்கி, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"மடிப்பக்கா, இது என்ன?"

"எது சார்?"

"இதோ, எதிர்ல இருக்கறது."

"கட்டில் சார்."

"கட்டிலுக்கு மேல?"

"மெத்தை சார்."

"மெத்தைக்கு மேல என்னம்மா இருக்கு?"

மடிப்பக்கா பார்த்தாள். வெள்ளை விரிப்பு, அதன் மேல் இன்னொரு விரிப்பு, நாலு தலையணை, நாலு உறை. மூலைகள் கத்தி முனை மாதிரி மடிந்து உள்ளே போயிருந்தன. ஏழு வாரமாக, வாரம் இரண்டு முறை, அவள் இந்தக் கட்டிலைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போய்வந்திருக்கிறாள். வாசலில் நின்று திரும்பியும் பார்த்திருக்கிறாள். கண்ணில் படவே இல்லை. அவளைப் பொறுத்தவரை விரிப்பு என்றால் அலமாரியில் மடித்து இருப்பது, இல்லையென்றால் அழுக்காகி வண்டியில் கிடப்பது. கட்டிலில் ஒழுங்காக விரித்துக் கிடப்பது துணிக் கணக்கில் சேராது. அது அறை. அறையை யாராவது ஸ்டோரில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்களா?

"ஐயோ சார்" என்றாள்.

மானேஜர் அடுத்த அறைக்கு ஓடினார். தொந்தியையும் மறந்து ஓடினார். மடிப்பக்கா பின்னாலேயே ஓடி, அவர் சாவி அட்டையை வைப்பதற்குள் தட்டி, குரல் கொடுத்து, மூன்றுவரை எண்ணுவதற்குள் அவர் திறந்துவிட்டார். அதிலும் கட்டில் விரித்திருந்தது. அடுத்ததிலும். பதினேழு அறையையும் பார்த்து முடித்தபோது மானேஜர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய, கடைசி அறைக் கட்டிலிலேயே உட்காரப் போனார்.

"உக்காராதீங்க சார்! மடிப்பு கலைஞ்சுடும்!"

அவர் பாதியில் நின்று, நிமிர்ந்து, சாதுவாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டார். துணி கிடைத்துவிட்டது, ஒன்று குறையவில்லை, எங்கேயும் போகவில்லை, போட்ட இடத்திலேயே இருக்கிறது என்றார். முதலாளிக்குப் புரியவில்லை. மூன்றாம் முறை சொன்னபோதுதான் புரிந்தது. கடைசியில் முதலாளி கேட்டது ஒரே கேள்வி. அப்படியானால் பதினேழு அறை இப்போதே தயார் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லலாமா?

"சொல்லலாம் சார்" என்று ஆரம்பித்த மானேஜரை மடிப்பக்கா கை நீட்டி மறித்தாள்.

"சொல்லக் கூடாது சார். ஏழு வாரம் கிடந்த துணி, தூசி ஏறியிருக்கும். எல்லாத்தையும் உரிச்சுத் துவைச்சதைப் போட்டாத்தான் உள்ள ஆளை விடுவேன். சாயங்காலம்னு சொல்லுங்க."

மானேஜர் சாயங்காலம் என்றே சொன்னார். அவர் படியிறங்கிப் போனதும் மடிப்பக்கா தாழ்வாரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது என்று சொல்வார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அழுதாள், கொஞ்ச நேரம் தன் புத்தியை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஜன்னல் வழியாகத் தெரு முனையைப் பார்த்தாள். வீட்டுக்காரர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். ஜன்னலைத் திறந்து இரண்டு கையையும் ஆட்டினாள். அவர் என்னவென்று புரியாமல் தானும் இரண்டு கையையும் ஆட்டினார்.

போன் மகளிடம் இருந்ததால், விடுதிப் போனிலிருந்து மூன்றாம் மாடிக்காரியைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி அனுப்பும் வண்டியிலேயே வேலைக்காரர்களையும் ஏற்றி வர ஏற்பாடாகியிருந்தது. "சேதி உண்டா?" என்று வழக்கம்போலத் தொடங்கினாள் அவள். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு உன் தெரு முனைக்கு வண்டி வரும். ஏறி உக்காந்து வா" என்றாள் மடிப்பக்கா. மறுமுனையில் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. ஸ்டோர் அண்ணன் பெரிய நோட்டில் முப்பத்து நான்கு என்ற எண்ணை அடித்து, பக்கத்தில் "கட்டிலில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவைத்தார்.

நர்சுகள் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பை, கண்ணுக்குக் கீழே கருப்பு, முகமூடி அழுத்திய தடம். முதலில் வந்த பதினேழு பேரும் நான்காவது மாடிக்கு. அவர்களுக்கு ராத்திரி வேலை, காலையில் திரும்பி வருவார்கள். யார் என்ன நேரத்துக்கு வருவார்கள் என்று அட்டவணை இருந்தாலும் மடிப்பக்காவுக்கு அது மனசில் ஏறவில்லை. மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு, கையுறை, முகமூடி, மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் முதல் கதவில் நின்றாள். மூன்று தட்டு. "ரூம் கிளீனிங்ங்க." எண்ண ஆரம்பித்தாள். நாலு என்னும்போது உள்ளே கட்டில் முனகியது.

"யாருங்க?"

மடிப்பக்காவுக்கு ஒரு கணம் உடம்பு தூக்கிப்போட்டது. ஏழு வாரத்தில் அந்த மாடியில் எந்தக் கதவும் அவளுக்குப் பதில் சொன்னதில்லை.

"ரூம் கிளீனிங்ங்க."

"இப்ப வேணாங்கக்கா. இப்பத்தான் டூட்டி முடிச்சு வந்து படுத்தேன். அப்புறம் வர்றீங்களா?"

"தூங்கும்மா, நீ நல்லாத் தூங்கு. நான் சாயங்காலம் வர்றேன். சாயங்காலம் முடியலைன்னா நாளைக்கு வர்றேன். தினமும் வருவேன், நீ தூங்கு."

அந்தப் பெண்ணுக்கு அதில் பாதி காதில் விழுந்திருக்காது. மடிப்பக்கா தாழ்வாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். மற்ற பதினாறு கதவின் கைப்பிடியிலும் "தொந்தரவு செய்ய வேண்டாம்" அட்டை தொங்கியது. வண்டியைச் சத்தமில்லாமல் ஓரம் கட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். வாசல் காவலர் பழைய குறும்போடு நிமிர்ந்தார்.

"என்ன மடிப்பு, அதுக்குள்ள வந்துட்ட? உள்ள யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்கண்ணே" என்றாள்.